ஹாரிங்டனும் அவர் நிமிர்த்திய முதுகுகளும்

மனிதனை ஏனைய உயிர்களினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளங்களுள் நிமிர்ந்த முதுகும் ஒன்று. துணிந்து வாழ்பவனைத் தலைநிமிர்ந்தவன் என்கின்றோம். அஞ்சி வாழ்பவனைக் கூனிக் குறுகியவன் என்கின்றோம். உடலின் வளைவோடு உள்ளத்தின் வளைவையும் நம் மொழி முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றது. ஆகையால், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்போல, நோயினால் முதுகு வளைந்தவர்கள் இரட்டைச் சுமை சுமக்கின்றார்கள். அந்தச் சுமைகளுள் ஒன்றையேனும் இறக்கி வைப்பதற்குத் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒருவரின் சரித்திரத்தை இங்கு சொல்ல விரும்புகின்றேன். அவர் பெயர் போல் ஹாரிங்டன். முள்ளந்தண்டுக்குச் சத்திரசிகிச்சை நடைபெறும் எந்த நாட்டிலும் அவர் பெயரை அறியாத வைத்தியர் இரார்.

எங்கோ அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்த வைத்தியர் ஒருவரைப் பற்றிக் கல்முனைக் கரையிலிருந்து நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இக்கரையோரத்துப் பாடசாலைகளில் ஆசிரியனாகப் பல்லாண்டு பணிபுரிந்தவன் நான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு தோள் உயர்ந்தும் ஒரு தோள் தாழ்ந்தும் வகுப்பறைக்கு வரும் பெண்பிள்ளைகளை இடையிடையே கண்டிருக்கின்றேன். புத்தகப் பையின் பாரத்தினால் வந்த கோணல் என்று பெற்றோர் எண்ணுவர். தளர்ந்த உடையும் முக்காடும் அக்கோணலை மறைத்துவிடும். பெருநாள் உடைக்கு அளவெடுக்கும் தையற்காரியே முதன்முதலில் அதைக் கண்டு சொல்வதும் உண்டு. பின்னர் கொழும்புக்கு அழைத்துச் சென்று, சத்திரசிகிச்சை வேண்டும் என்று வைத்தியர் கூறிவிட்டால், உம்மாவின் நெஞ்சில் எழும் வினாக்கள் மூன்று. மகளுக்குத் திருமணம் ஆகுமா? பிள்ளை பெறுவாளா? குனிந்து தொழுவாளா?

இம்மூன்றும் சத்திரசிகிச்சை நடைபெறும் நாளைப் பற்றிய வினாக்கள் அல்ல. அந்த நாளுக்குப் பின் வரும் முப்பது நாற்பது ஆண்டுகளைப் பற்றியவை. ஆகவே அவற்றுக்கு மறுமொழி சொல்வதற்கும் முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மறுமொழிக்கு வித்திட்டவர் ஹாரிங்டன். அது முழுமையாக விளைந்தபோது அவர் உயிரோடு இருக்கவில்லை.

நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேற்செல்கின்றேன். முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைவதோடு, கயிறு முறுக்கேறுவதுபோலத் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளவும் செய்கின்றது. இதனை ஸ்கோலியோசிஸ் என்பர். கட்டிளமைப் பருவத்தில் உடல் விரைந்து வளரும்போது வளைவும் விரைந்து வளரும். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்குச் சிறு வளைவு காணப்படலாம். அவர்களிற் பெரும்பாலோர்க்கு எவ்வித சிகிச்சையும் வேண்டியதில்லை. பெருவளைவாக முற்றுவது சிலருக்கே. அச்சிலரிற் பெரும்பான்மையினர் பெண்பிள்ளைகள். ஐம்பது பாகையை அண்மிய வளைவு, வளர்ச்சி நின்ற பின்னரும் மெல்ல மெல்லக் கூடிச் செல்லக்கூடும் என்பதால் அங்கேதான் சத்திரசிகிச்சை பேசப்படுகின்றது. இந்நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று இன்றுவரை எவரும் நிறுவவில்லை. பாரம் தூக்கியதனாலோ, கோணலாக அமர்ந்ததனாலோ, தாயின் கவனக்குறைவினாலோ வருவதன்று என்பது மட்டும் உறுதி.

1911ஆம் ஆண்டு இந்நோயின் சரித்திரத்தில் இருவகையிற் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் நியூயோர்க் நகரத்து வைத்தியர் ரஸல் ஹிப்ஸ், காசநோயினாற் சிதைந்த முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டி வளரச் செய்யும் சத்திரசிகிச்சையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அதே முறையைப் பக்கவளைவுக்கும் கையாண்டார். அதே 1911இல் கன்சாஸ் மாநிலத்தில் போல் ஹாரிங்டன் பிறந்தார். ஹிப்ஸ் எலும்பை ஒட்டும் வழியைக் காட்டினார். ஆனால் ஒட்டும்வரை அதனை நேராகப் பிடித்து வைத்திருக்கும் வழி அவரிடம் இருக்கவில்லை. பிளாஸ்டர்க் கவசத்துள் மாதக்கணக்காகப் பிள்ளையைக் கிடத்தி வைப்பதே அக்காலத்து வழக்கம். 1941இல் அமெரிக்க எலும்பு வைத்தியர் சங்கம் 425 நோயாளரின் கதையைத் தொகுத்துப் பார்த்தபோது, பத்தில் ஏழு பேரளவில் விளைவு சுமாராகவோ மோசமாகவோ அமைந்திருந்தது. வருந்திப் படுத்துக் கிடந்ததுதான் மிச்சம் என்று அக்குடும்பங்கள் எண்ணியிருந்தால் அதிற் பிழையில்லை.

ஹாரிங்டன் இளமையில் ஏட்டுச்சுவடிக்குள் முடங்கிய மாணவர் அல்லர். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் சிறந்த கூடைப்பந்து வீரர். அந்த விளையாட்டையே உலகுக்கு அளித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த காலம் அது. புகழ்பெற்ற பயிற்றுநர் ஃபொக் அலன் அணியை நடத்தினார். உடலின் சமநிலை, எலும்பும் தசையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் பாங்கு ஆகியவற்றை அவர் நூலிற் படிக்குமுன்பே விளையாட்டு மைதானத்தில் அறிந்திருப்பார் என்பது என் எண்ணம். அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று, எலும்புச் சத்திரசிகிச்சையில் தேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. இராணுவ வைத்தியராகக் கடல் கடந்து சென்று, சிதறிய எலும்புகளைப் பொருத்தும் பணியில் அவருடைய இளமையின் நல்ல ஆண்டுகள் கழிந்தன. போர் முடிந்ததும் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் வந்து குடியேறினார்.

அங்கே இன்னொரு போர் காத்திருந்தது. இளம்பிள்ளைவாதம் அந்நகரைத் திரும்பத் திரும்பத் தாக்கிக்கொண்டிருந்தது. அக்கொடுமையை நம் நாட்டு மூத்தவர்களும் அறிவர். 1962இல் இலங்கையில் அந்நோய் பெருவாரியாகப் பரவியது. சொட்டுமருந்து வந்து, 1993இல் கடைசி நோயாளி காணப்பட்டதோடு அது நம் தீவை விட்டு நீங்கியது. ஹூஸ்டனில் 1940களின் பிற்பகுதியில் அத்தகைய சொட்டுமருந்தோ ஊசியோ இல்லை. உயிர் பிழைத்த குழந்தைகளில் பலருக்கு உடலின் ஒருபக்கத் தசைகள் செயலிழந்து, மறுபக்கத் தசைகள் இழுத்தமையால் முள்ளந்தண்டு வில்லென வளைந்தது. மூச்சுவிடும் தசைகளும் தளர்ந்திருந்தமையால் அவர்களுக்குப் பிளாஸ்டர்க் கவசம் போடவும் இயலவில்லை. நெஞ்சை இறுக்கும் கவசமே உயிருக்கு உலையாகிவிடும். வெளியிலிருந்து தாங்க முடியாத முதுகை உள்ளிருந்தே தாங்கினால் என்ன என்ற எண்ணம் ஹாரிங்டனுக்கு அப்பொழுதுதான் எழுந்தது.

1947 அளவில் அவர் முயற்சி தொடங்கியது. முதலில், வளைவை நிமிர்த்தி, முள்ளெலும்புகளின் பின்புற மூட்டுகளில் திருகாணிகளை முடுக்கிப் பார்த்தார். சத்திரசிகிச்சை மேசையில் முதுகு நிமிர்ந்தது. மாதங்கள் சென்றதும் மீண்டும் வளைந்தது. இதனோடு மனம் தளர்ந்திருந்தால் அவர் பெயர் இன்று எவருக்கும் தெரிந்திராது. அடுத்து, துருப்பிடிக்காத உருக்கினாற் கோல்களும் கொக்கிகளும் செய்வித்தார். வளைவின் உட்பக்கத்தில் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. இரண்டையும் இணைத்து நடுவே ஒரு கோல். அக்கோலின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டப்பட்ட பற்கள் இருந்தன. மேற்கொக்கியை ஒவ்வொரு பல்லாக நகர்த்த நகர்த்த, இரு கொக்கிகளுக்கும் இடைப்பட்ட தூரம் கூடும், வளைவு விரியும், ஒருமுறை நகர்ந்த கொக்கி பின்வாங்காது.

எங்கள் மருதமுனைக்குச் சென்று கைத்தறியைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. நெய்த துணியைச் சுற்றும் தண்டின் ஓரத்தில் ஒரு பற்சக்கரம் உண்டு. பாவு தளராமல் இழுபட்டு நிற்பதும், சுற்றிய துணி பின்னோக்கி அவிழாமல் இருப்பதும் அதன் பற்களைப் பிடித்திருக்கும் ஒரு சிறு நாவினால்தான். நெசவாளி ஒவ்வொரு பல்லாக முறுக்குவதைப் போலவே ஹாரிங்டனும் ஒவ்வொரு பல்லாக நிமிர்த்தினார். பாவை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் நூல் அறும் என்பது நெசவாளிக்குத் தெரியும். முள்ளந்தண்டின் நடுவே ஓடுவதோ நூலன்று, நரம்பு. அது நொந்தால் இருகால்களும் செயலிழக்கும். எந்தப் பல்லோடு நிறுத்துவது என்பதே அக்கலையின் உயிர்நிலை. 1973இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஸ்டாக்னாராவும் அவர் குழுவினரும், சத்திரசிகிச்சையின் நடுவே மயக்கத்தைச் சற்றுத் தெளிவித்து, கால்விரல்களை அசைக்கும்படி பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கும் முறையை வெளியிட்டனர். பின்னாளில் நரம்பின் இயக்கத்தை மின்கருவியால் இடைவிடாது கண்காணிக்கும் முறையும் வந்து சேர்ந்தது.

உருக்குக் கோல் மட்டும் போதும் என்றுதான் ஹாரிங்டன் முதலில் நம்பினார். எலும்பை ஒட்டாமல் கோலை மாத்திரம் பொருத்தினார். சில காலத்தில் கொக்கிகள் நழுவின, கோல்கள் முறிந்தன. குழந்தை நடக்கும்போதும் குனியும்போதும் திரும்பும்போதும் உலோகம் ஓயாது வளைந்து நிமிர்கின்றது. இலட்சக்கணக்கான தடவை வளைந்த உருக்கு ஒருநாள் களைத்து முறிந்தே தீரும். எலும்புக்கோ அந்தக் களைப்பு இல்லை. அது உயிருள்ளது, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது. ஆகவே கோலைப் பொருத்துவதோடு ஹிப்ஸ் காட்டிய வழியில் எலும்பையும் ஒட்ட வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். மினியாபொலிஸ் நகரத்து ஜோன் மோ போன்றோரும் அதனையே வற்புறுத்தினர். எலும்பு ஒட்டி உறுதிப்படும்வரை கோல் தாங்க வேண்டும். கோல் முறியுமுன் எலும்பு ஒட்டிவிட வேண்டும். இவ்விரண்டுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயமே இச்சிகிச்சை. தாம் கண்டுபிடித்த கருவிக்கே எல்லை உண்டென்று ஒப்புக்கொள்வது கண்டுபிடித்தவருக்கு எளிதன்று. ஹாரிங்டன் ஒப்புக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் யான் மிக மதிக்கும் இடம் இதுவே.

1962இல், 129 நோயாளரின் விபரங்களோடு அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதன்பின் அவரிடம் கற்றுக்கொள்ளப் பலநாட்டு வைத்தியரும் வந்தனர். தடுப்பு மருந்தின் வரவால் இளம்பிள்ளைவாதம் அருகிவிட்டமையால், அவருடைய கோல் பெரும்பாலும் காரணமறியா வளைவுடைய கட்டிளம் பருவத்தினருக்கே பயன்படலாயிற்று. 1966இல் இந்நோயை ஆராய்வோர் சங்கம் அமெரிக்காவில் தோன்றியபோது அதன் நிறுவுநருள் ஒருவராக இருந்தார்; பின்னர் அதன் தலைவராகவும் பணியாற்றினார். 1980இல் தமது அறுபத்தொன்பதாம் வயதளவில் காலமானார்.

சாதாரண சரித்திரங்கள் மரணத்தோடு முடிந்துவிடும். ஹாரிங்டனின் சரித்திரத்தை அவ்வாறு முடிக்க இயலாது. அவர் நிமிர்த்திய பிள்ளைகள் அப்பொழுதுதான் இருபதுகளையும் முப்பதுகளையும் எட்டியிருந்தனர். கணக்கு இன்னும் முடியவில்லை.

முதலிற் குறையைச் சொல்லிவிடுகின்றேன். ஹாரிங்டனின் கோல் நேரானது. மனித முள்ளந்தண்டோ முன்னிருந்து பார்க்கும்போதுதான் நேர். பக்கத்திலிருந்து பார்த்தால் நெஞ்சுப் பகுதியில் பின்னோக்கியும் இடுப்புப் பகுதியில் முன்னோக்கியும் இயற்கையாகவே வளைந்திருக்கும். நேர்கோல் இடுப்புவரை இறங்கியபோது அந்த நல்ல வளைவும் தட்டையாயிற்று. இளமையில் இடுப்பும் முழங்காலும் அக்குறையை ஈடுசெய்தன. நடுவயதை அடைந்ததும் சிலரின் உடல் முன்னோக்கிச் சரிந்தது; நிமிர்ந்து நிற்பதே நாள்முழுதும் செய்யும் கடுவேலையாயிற்று; ஒட்டிய பகுதிக்குக் கீழே எஞ்சியிருந்த மூட்டுகள் தேய்ந்து வலித்தன. அவர்களிற் சிலர் மறுபடியும் சத்திரசிகிச்சைக்கு ஆளாயினர். பக்கவளைவை நிமிர்த்தும் ஆர்வத்தில் இயற்கை வளைவைக் காவாது விட்டமையே இதற்குக் காரணம். 1980களில் பிரான்சின் கொத்ரெலும் துயூபூசேயும் இயற்கை வளைவுக்கு ஏற்ப வளைத்த இரட்டைக் கோல்களைக் கொணர்ந்தனர். பின்னர் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் திருகாணி பொருத்தும் முறை வந்தது. ஹாரிங்டனின் நேர்கோல் வழக்கொழிந்து போயிற்று.

இனி நிறையைப் பார்ப்போம். 1961 முதல் 1963 வரை ஹாரிங்டன் தம் கையாலேயே சிகிச்சை செய்த 206 நோயாளரை, அவருடைய உடனுழைப்பாளர் டிக்ஸனும் பிறரும் இருபத்தோராண்டுகளின் பின் தேடினர். 111 பேர் மறுமொழி தந்தனர். முதுகு நோயற்ற 100 பேரோடு அவர்களை ஒப்பிட்டு 1990இல் முடிவை வெளியிட்டனர். முதுகின் சில பகுதிகளில் நோவு அவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. ஆனால் அன்றாட வாழ்க்கையை நடத்துவதில் மற்றவர்களுக்கு அவர்கள் பின்தங்கியிருக்கவில்லை. மறுமொழி தராத மற்றைய 95 பேரின் நிலை இக்கணக்கில் இல்லை என்பதையும் வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும்.

சுவீடனின் கோதன்பேர்க் நகரில் டேனியல்சன் என்ற பெண் வைத்தியரும் நாகெம்சனும் செய்த ஆராய்ச்சி இதனினும் விரிவானது. ஹாரிங்டன் கோல் பொருத்தப்பட்டவர்களும் வெளிக்கவசம் அணிந்தவர்களுமாக ஏறத்தாழ 280 பேரை, இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின் அவர்கள் பின்தொடர்ந்தனர். 2001 முதலாக வெளிவந்த அம்முடிவுகளின்படி அவர்களது வாழ்க்கைத்தரம் பொதுமக்களின் வாழ்க்கைத்தரத்தோடு பெரும்பாலும் ஒத்திருந்தது. நோவு சற்றுக் கூடுதல். உடல் வளையும் அளவு குறைவு. ஆயினும் ஒரு செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. முதுகின் காரணமாகப் பிறரோடு கலந்து பழகுவதில் தமக்குத் தடை உண்டென்று சத்திரசிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கூறினர். நோயற்ற குழுவில் அவ்வாறு கூறியவர் நூற்றுக்குப் பதினைவர் மாத்திரமே. உடலால் ஈடுபட முடியாமை ஒரு காரணம். தம் தோற்றத்தைப் பற்றிய கூச்சம் இன்னொரு காரணம். முதுகு நிமிர்ந்து இருபதாண்டு சென்றும் அக்கூச்சம் முற்றாக நிமிரவில்லை.

சிகிச்சையே பெறாதவர்களின் கதையும் உண்டு. அமெரிக்காவின் அயோவாவில் வைன்ஸ்டைன் குழுவினர் 117 பேரை ஐம்பதாண்டுகள் தொடர்ந்து பார்த்து 2003இல் எழுதினர். அவர்களிற் பெரும்பாலோர் உழைத்து, குடும்பம் நடத்தி, முதுமையை எட்டியிருந்தனர். முதுகுநோவும் தோற்றத்தைப் பற்றிய கவலையும் அவர்களுக்கு மிகுதி. பெருவளைவுடையோர்க்கு மூச்சுத்திணறலும் இருந்தது. ஆகவே சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பது வளைவின் அளவையும் வயதையும் பார்த்து வைத்தியரோடு ஆறஅமர எடுக்க வேண்டிய முடிவு. எல்லார்க்கும் கத்தி வேண்டுவதில்லை. வேண்டியவர்க்குக் காலந்தாழ்த்துவதும் நன்றன்று.

இப்பொழுது உம்மாமாரின் மூன்று வினாக்களுக்கு வருவோம். பிள்ளைப்பேற்றைப் பொறுத்தவரை கோதன்பேர்க் ஆராய்ச்சி தந்த மறுமொழி தெளிவானது. சிகிச்சை பெற்ற பெண்கள் ஏனைய பெண்களைப் போலவே தாய்மை எய்தினர். பிரசவத்தின்போது முதுகில் ஊசியேற்றி மரக்கச் செய்வது ஒட்டிய எலும்பினாற் கடினமாகலாம். அதனை வைத்தியருக்கு முன்னரே அறிவித்துவிட வேண்டும், அவ்வளவே. தொழுகையைப் பொறுத்தவரை, மனிதன் குனிவதில் பெரும்பங்கு இடுப்பு மூட்டுக்கே உரியது. நெஞ்சுப்பகுதி மட்டும் ஒட்டப்பட்டவர் குனிவதிற் பெருங்குறை காணார். இடுப்பின் கீழ்ப்பகுதிவரை ஒட்டப்பட்டவர்க்குக் குனிவு குறையும். இயலாதவர் இருந்து தொழலாம் என்பது நம் மார்க்கம் முன்பே தந்த சலுகை. திருமண வினாவுக்கு மட்டும் எந்த ஆராய்ச்சியும் நமக்காக மறுமொழி தரமாட்டாது. அதனைத் தர வேண்டியவர்கள் இவ்வூர்களில் வாழும் நாமே. சீதனமாகக் கட்டிய வீட்டின் சுவர்களை அளந்து பார்க்கும் கண்கள் பெண்ணின் தோள்களையும் அளந்து பார்க்கும்வரை, அந்த மறுமொழி சரியாக வராது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. 1865இல் லண்டன் நகரத்து வைத்தியர் வில்லியம் அடம்ஸ் எடுத்துரைத்த எளிய சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. இருகைகளையும் தொங்கவிட்டுப் பிள்ளையை முன்னோக்கிக் குனியச் செய்து பின்னால் நின்று பார்த்தால், முதுகின் ஒருபக்கம் மேடாகத் தெரியும். ஏறக்குறைய அது நம் தொழுகையின் ருகூஉ நிலையே. நாள்தோறும் ஐந்துவேளை குனியும் மகளின் முதுகைத் தாய் ஒருமுறை கூர்ந்து பார்த்தாலே போதும். நெடுங்காலம் மறைந்திருக்கும் நோய் காலத்தே வெளிப்பட்டுவிடும். வளர்ச்சி முடியுமுன் கண்டால் கவசத்தினாலேயே பலருடைய வளைவைத் தடுத்து நிறுத்திவிடலாம்.

ஹாரிங்டனின் கோல் இன்று எந்தச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் பொருத்தப்படுவதில்லை. ஆனால் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பொருத்தப்பட்ட கோல்கள் இன்னும் பல முதுகுகளுக்குள் இருக்கின்றன. அவற்றைச் சுமப்பவர்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்கியிருக்கின்றார்கள். சிலர் நோவோடு காலையில் எழுகின்றார்கள். சிலர் அக்கோல் உள்ளே இருப்பதையே மறந்திருக்கின்றார்கள். ஹாரிங்டன் தம் காலத்து வைத்தியர்களைப் போலவே வளைவைப் பாகைகளால் அளந்தார். தாம் நிமிர்த்திய பிள்ளைகள் எவ்வாறு உழைத்தார்கள், உறங்கினார்கள், மணந்தார்கள், மகிழ்ந்தார்கள் என்பதை முழுமையாகக் காண அவருக்கு ஆயுள் போதவில்லை. அவருடைய வாழ்க்கையின் மதிப்பை அவருக்குப் பின் அவர்களே எழுதினர்.